என் மகள் சொன்னதும் டாக்டர் சொன்னதும்

1

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பதினான்கு வயது. பெயர் அமுதா. பாரீசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நானும் அவளும் மட்டும் இருக்கிறோம். அவள் அப்பா காலமாகி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது.

எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவுதான். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. டாக்டரம்மாவைப் பார்க்க அமுதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் எங்கே போனாலும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். வங்கி, மின்சார ஆபீஸ், பல் டாக்டர், மேரி எல்லாவற்றுக்கும் அவள்தான். மேரி என்றால் நகராட்சி. அதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் நம் மேரிக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பிரெஞ்சு ஏறக்குறைய அந்த ஒரு சொல்தான். இத்தனை வருஷத்தில் அதனோடு வணக்கம், நன்றி, மன்னிக்கணும், எவ்வளவு என்று ஒரு கைப்பிடி சேர்ந்திருக்கிறது. கடைக்குப் போய் வர அது போதும். கட்டி எப்போதிலிருந்து இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறதா, உங்கள் அம்மாவுக்கு இருந்ததா என்றெல்லாம் கேட்டால் போதாது.

நர்ஸ் வந்து அமுதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். அமுதா எழுந்து போய் நடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடத்தில் ஒரு தமிழ் அம்மா வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் யோகேஸ்வரி. டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆஸ்பத்திரிக்காரர்களே ஏற்பாடு செய்த ஆள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எம் பொண்ணு இருக்குது. அவ எல்லாத்தையும் எனக்கு சொல்லுவா. நீங்க வேணாங்க" என்றேன்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி" என்றார் அவர். "பிள்ளையளைக் கொண்டு இப்பிடியான கதை கதைப்பிக்கக் கூடாதெண்டு இவை இப்ப ஒரு ஒழுங்கு வைச்சிருக்கினம். அவ சின்னப் பிள்ளையெல்லே."

சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தில் தவறு வந்தபோது போனில் மூன்று ஆட்களைத் தாண்டி நான்காவது ஆளிடம் பேசித் திருத்த வைத்தவள் அவள். வீட்டை வாடகைக்கு விட்ட கம்பெனி வெந்நீர்க் குழாயைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தபோது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரிய மனுஷி குரலில் பேசி ஆளை வரவழைத்தவள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, நான் சொல்வதில் பாதி விளங்காமல் திரும்பக் கேட்கிற ஓர் அம்மாவை வைத்துக்கொண்டு என் உடம்பைப் பற்றிப் பேசினேன். அன்று ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு தெரிய நாளாகும் என்றார்கள்.

2

என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் புதுச்சேரியில் குருசுக்குப்பம். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனவர். எங்கள் தெருவில் கல்லூரி வரைக்கும் போன முதல் பெண் நான். பி.ஏ. தமிழ். இங்கே அதை வைத்துக்கொண்டு ஒரு பஸ் டிக்கெட் கூட வாங்க முடியாது. காலையில் ஓர் ஆபீசைத் துடைக்கிறேன், மதியம் ஒரு பள்ளிக்கூட கான்டீனில் தட்டு கழுவுகிறேன். கூட வேலை செய்பவர்களில் ஒருத்தி போர்ச்சுகல், ஒருத்தி மாலி. மூன்று பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்வோம். அதில் பேச்சு கொஞ்சம், சிரிப்புதான் அதிகம்.

என் வீட்டுக்காரர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் பாரீஸ் மாப்பிள்ளை என்றால் ஊரில் தனி மவுசு. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சந்தில் கார் நுழையாமல், அவர் நடந்தே வந்தார். அதைப் பற்றித் தெருவே ஒரு வாரம் பேசியது. இங்கே வந்து பார்த்தால் அவர் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர். அதை அவர் என்னிடம் மறைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நல்ல மனிதர். வெளியில் பேச வேண்டியதெல்லாம் அவர் பொறுப்பு, வீட்டுக்குள் பேச வேண்டியதெல்லாம் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. 'நீ எதுக்குக் கத்துக்கணும், நான்தான் இருக்கேனே' என்பார். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

அவர் வயிற்று வலி என்று படுத்ததும் பேச்சு அமுதா கைக்கு வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது கூட ஆகவில்லை. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன். கிடங்கு முதலாளியிடம் அவள் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு குசினியில் அடுப்புப் பக்கமாக நின்றபோது, படிப்பு என்றால் இதுவல்லவா படிப்பு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்ட அன்றுதான் ஒரு வேடிக்கை நடந்தது. டீச்சர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "நல்லா படிக்கிறேனாம்" என்றாள் அமுதா. டீச்சரின் முகத்தையும் இவள் முகத்தையும் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து டீச்சருக்கு ஆச்சரியம்.

அவள் தமிழ் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் தானாக வந்து எதையும் பேச மாட்டாள். நான் கேட்டால் பதில் வரும். அவளுடைய தோழிகள் பற்றி, அவள் கேட்கிற பாட்டு பற்றி, எதற்காகச் சில நாட்கள் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் என்னிடம் சொல்வதைத்தான் அவள் எனக்குச் சொல்வாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆளில்லை. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று எழுதினேன். சில மாலைகளில் அது கூட அதிகமாகத் தோன்றும்.

3

ஊசி போட்ட அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல குளிர். எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

"அந்தம்மா இன்னா பேசறாங்கன்னு பாதி புரியவே இல்ல. நீயா இருந்தா நறுக்குன்னு சொல்லியிருப்ப" என்றேன்.

அமுதா கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அப்பா படுத்திருந்தப்ப நீதான எல்லாத்தையும் கேட்டு சொன்ன. அப்ப மட்டும் நீ சின்னப் புள்ளன்னு இவங்களுக்குத் தெரியலையா?"

"சொல்லல" என்றாள்.

"யாரு சொல்லல?"

"நான்தான். டாக்டர் சொன்னத நான் ஒங்கிட்ட சொல்லல."

எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே, மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சிதுன்னு சொன்னேன் இல்ல. அவரு அப்படி சொல்லல. வயித்த தெறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்களாம். எல்லா எடத்துலயும் பரவியிருந்துதாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, கொஞ்ச நாள்தான், அம்மாவ வேலைக்குப் போவாம பக்கத்துலயே இருக்கச் சொல்லுன்னு சொன்னாரு."

பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தார். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். மெதுவாக, குனிந்து, கையைத் தொட்டுப் பேசினார். நல்ல சேதி சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அமுதா என்னிடம் திரும்பி, "ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சிதாம். மெதுவா சரியாயிடுமாம். நீ வேலைக்குப் போலாமாம்" என்றாள். நான் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன், சிரித்தேன். அந்த மனிதர் என்னை என்ன நினைத்திருப்பார். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போனேன். அமுதா பள்ளிக்கூடத்தில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் நான் யாரோ ஒருவருடைய ஆபீஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார். திடீரென்று இப்படி ஆகிவிட்டதே என்றுதான் இத்தனை நாளும் அழுதுகொண்டிருந்தேன்.

"ஸ்கூல் லீவுன்னது?"

"லீவு இல்ல" என்றாள். "யாராவது பக்கத்துல இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல. அதான் நான் இருந்தேன்."

"அப்பா எதுனா பேசினாரா?"

"தண்ணி கேட்டாரு. அப்புறம் ஒன்ன கேட்டாரு. வேலைக்குப் போயிருக்கன்னு சொன்னேன். அவளுக்கு பஸ் கெடச்சிதான்னு கேட்டாரு. கெடச்சிதுன்னு சொன்னேன்."

அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

"ஏன்டீ அப்படி பண்ண?" என்று கேட்டேன். அடிக்கப் போகிறவள் குரலில் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. முதன்முறையாக அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படித்தான சொல்லணும்?" என்றாள். "மாமா அப்படித்தான சொன்னாரு, தாத்தாவுக்கு."

4

சுனாமிக்கு முந்தின வருஷக் கோடை விடுமுறைக்கு நாங்கள் மூவரும் ஊருக்குப் போயிருந்தோம். அமுதாவுக்கு ஒன்பது வயது. என் அப்பாவைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நடையெங்கும் வெளியூர்ச் சனம் பாயும் செம்புமாகப் படுத்திருக்கும். அமுதாவுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. என் அண்ணன் ஏழுமலையின் விரலைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் டாக்டர் அண்ணனை நடைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டில் பெரியவர் யார், இப்படி வாங்க என்றுதான் கூப்பிட்டார். நம் ஊரில் அதுதானே வழக்கம். நோயாளியிடமும் சொல்ல மாட்டார்கள், பொம்பளைகளிடமும் சொல்ல மாட்டார்கள். பொறுப்பான ஆம்பளை ஒருத்தர் சேதியை வாங்கி வைத்துக்கொள்வார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணன் உள்ளே வந்தார். வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "ஒண்ணும் இல்லையாம்மா. பலகீனமாம். தேறிடுமாம். நீ ராவெல்லாம் முழிச்சிகீற, வூட்டுக்குப் போயி குளிச்சி சாப்ட்டு வா" என்று அம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பினார். அம்மா திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பாராட்டினார்கள். 'தெரிஞ்சிருந்தும் முகத்துல காட்டிக்கலையே', 'ஆத்தாளுக்குக் கடைசி வரைக்கும் மனக்கஷ்டம் குடுக்காம பாத்துகிட்டான் பாரு', 'புள்ளன்னா இப்படி இருக்கணும்' என்றார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கூட அண்ணனை நினைத்துப் பெருமைப்பட்டேன். பந்தல் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து அமுதா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாரீஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தச் சேதியைச் சொன்னபோது, அதை வாங்கி வைத்துக்கொள்ள மாமா இல்லை. சுற்றிப் பார்த்திருப்பாள். இருந்தது அவள் ஒருத்திதான். வாங்கி வைத்துக்கொண்டாள். அம்மாவை அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். மாமா செய்ததில் ஒன்று விடாமல் செய்திருக்கிறாள். வேட்டி கட்டாததுதான் பாக்கி.

5

அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோறு வைப்பேன், சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போவாள். ஒரு நாள் சாயங்காலம் குசினி வாசலில் வந்து நின்று, "கோவமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலத்தான் தெரிந்தது. கோபம் அவள் மேல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்களில் நான் தரை துடைத்தேன். அது என்னுடைய நாள். என்னிடம் கேட்காமல் ஒரு குழந்தை அதை எடுத்துக்கொண்டாள். அப்படி நினைக்கும்போது கோபம் வரும். அந்த நாட்களில் அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்தால் கோபம் போய்விடும். அப்பா செத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, நான் வேலை முடிந்து வரும்போது சிரித்த முகத்தோடு என் பையை வாங்கி வைப்பாள்.

பேச ஆள் வேண்டும் போலிருந்தது. போன் கார்டு வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் கட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பின்னால் கடல் இரைச்சலும் யாரோ மீன் விலை கேட்பதும் கேட்டது.

"எம்மாம் பொறுப்பு பாத்தியா" என்றார் அண்ணன். "அந்த வயசுல ஆம்பள புள்ள கூட அப்படி தாங்காது. நம்ம வூட்டு ரத்தம். நீ அவள ஒண்ணும் சொல்லாத."

"நான் கடைசியா அவரு முகத்த பாக்கல அண்ணா."

"பாத்து இன்னா பண்ணியிருப்ப? அழுதிருப்ப. அவ்ளோதான."

ஆமாம், அழுதிருப்பேன். அழுவதற்குத்தான் அந்த நாட்கள். இதை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கார்டு தீரப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கார்டில் பேச நிறைய மீதி இருந்தது.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அங்கே பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்களாமே, பதினாலு வயசானாலும் ஒரு வேலை தெரியாதாமே என்பார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில் நான் என்னென்ன செய்தேன் என்று அமுதாவுக்கு எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். அம்மா விடியலில் மார்க்கெட் போய்விட்டால் உலை வைப்பது, தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் நான்தான். இடுப்பு ஒடியும். ஆனாலும் அது பிள்ளைகள் செய்கிற வேலைதான், தெருவில் எல்லாப் பிள்ளைகளும் செய்தார்கள். வேலை முடிந்ததும் ஓடிப்போய் விளையாடிவிடுவோம். பெரியவர்கள் ஏதாவது கெட்ட சேதி பேச உட்கார்ந்தால் எங்களைத்தான் முதலில் விரட்டுவார்கள். போங்க, போயி வெளிய வெளையாடுங்க என்பார்கள். சாவு, கடன், நோய் எதுவும் எங்கள் காதுக்கு வராது. வந்தாலும் அதைச் சுமக்கிறவர்கள் வேறே ஆட்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இங்கே அமுதா ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. ஆனால் அந்தச் சேதியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் விளையாட இடமில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பக்குவம் உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். வேண்டிய மட்டும் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், கீழே போடமாட்டார்கள், முகத்தில் காட்டமாட்டார்கள். பெரியவர்கள் நம்மில் பாதிப் பேருக்கு அது வராது. இப்போது எனக்கு அதைப் பார்த்தால் பெருமையாக இல்லை, பயமாக இருக்கிறது.

6

முடிவு சொல்கிற நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. புதன்கிழமை மதியம் இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. நீ வர வேண்டாம் என்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாமலே போய் நடை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உள்ளே டாக்டரம்மா, யோகேஸ்வரி அக்கா, நான். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்துவார். அக்கா அதை அப்படியே எனக்குச் சொல்வார். இந்த முறை அவர் பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"கான்சர்தானாம் தங்கச்சி" என்றார். "வெள்ளனக் கண்டுபிடிச்சிட்டினம். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமாம். பிறகு மருந்து ஏத்துவினம், தலைமயிர் கொட்டும், கொஞ்சக் காலம் வேலைக்குப் போக ஏலாது. சுகம் வருமெண்டுதான் அவ நம்புறா. ஆனா நூறு வீதம் எண்டு சொல்ல மாட்டாவாம். அப்பிடிச் சொன்னால் பொய்யாம்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சாவேனா என்றும் கேட்டேன். அக்கா அதையும் கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தே பதில் சொன்னார். இப்போதைக்கு அதை நினைக்கக் காரணம் இல்லை, ஒவ்வொரு முறை வரும்போதும் உண்மையைச் சொல்வேன் என்றார். உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளியே வருமுன் அக்கா என் தோளைத் தொட்டார். "பிள்ளைக்கு நான் சொல்லட்டோ?"

"வேணாங்க. நானே சொல்றேன்" என்றேன்.

கதவைத் திறந்தால் எதிரே அமுதா. எழுந்து நின்றாள். கண் என் முகத்தில்தான். அப்போதுதான் அண்ணன் எனக்குப் புரிந்தார். 'ஒண்ணும் இல்லையாம், சும்மா கொழுப்புக் கட்டியாம்' என்கிற வாக்கியம் முழுசாக, சிரிப்போடு சேர்ந்து, என் வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் அவள் இன்று சாயங்காலம் தோழிகளோடு போனில் சிரித்துப் பேசுவாள். இன்னும் கொஞ்ச நாளாவது பதினான்கு வயதாக இருப்பாள். அண்ணன் கெட்டவர் இல்லை. அவரும் அம்மாவுக்கு ஒரு சாயங்காலத்தைத்தான் கொடுக்கப் பார்த்தார்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். கான்சர் என்று சொன்னேன். வெட்டி எடுப்பதை, மருந்து ஏற்றுவதை, முடி கொட்டுவதை, வேலைக்குப் போக முடியாததைச் சொன்னேன். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"எதுனா வுட்டுட்டியா?"

"எதையும் வுடல."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நல்ல சேதி மாதிரி ஒரு கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று தெரிந்தவள் அவள். அதனால் யார் எதைச் சொன்னாலும் அவளால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டு வருஷமும் அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள் என்று அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. நான் எத்தனை சத்தியம் செய்தாலும் அது மாறப்போவதில்லை.

எழுந்தாள். லிஃப்ட் பக்கத்தில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த யோகேஸ்வரி அக்காவிடம் நேராக நடந்தாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்கா அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். அவர் குனிந்து, விரலை மடக்கி மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். அமுதா நடுவில் நிறுத்தி ஒன்றைத் திரும்பக் கேட்டாள். அவர் திரும்பச் சொன்னார். அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்பி வந்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள். "எதையும் வுடல."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அப்பாவைக் கொண்டுபோன அன்று அவள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, நடையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, ஒரு சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். "அப்பா" என்று ஒரு முறை சொன்னாள். அழாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.